கல்லு தெரியுதா?

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதியது தெரிந்தால், "எம் பேரு எதுக்கு சார் அதுல?" என்று பயந்துபோய்க் கேட்பார். பயப்படுவதில் அவருக்கு இணையாக நான் ஒருவரையும் பார்த்ததில்லை. பல்லிக்கும் பாம்புக்கும் பயப்படுகிற ரகமில்லை அவர். கல்வராயன் மலையில் ஓடைக்கரைப் புதரிலிருந்து ஒரு சாரை எங்கள் முன்னால் குறுக்கே போனபோது, "அது பாட்டுக்குப் போவுது, நீங்க எதுக்கு சார் குதிக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டவர். அவருடைய பயம் எண்களின் மேல். அதிலும் அளந்து வந்த எண் முழுசாக வந்துவிட்டால் அவர் முகம் வெளுத்துப்போகும்.

ஒருமுறை எங்கள் அலுவலகத் தெருவில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். நர்ஸம்மா இவருக்கு பிரஷர் பார்த்துவிட்டு, "நூத்தி இருவது, எம்பது. நல்லா இருக்குதும்மா" என்றார். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷமாக எழுந்து போயிருப்பார்கள். இவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னாங்க இது, ரெண்டும் இவ்ளோ ரவுண்டா வருது? மறுக்கா பாருங்க."

மறுபடி பார்த்ததில் நூற்றுப் பதினேழு வந்தது. அதிலும் திருப்தியில்லாமல் மூன்றாவது முறையாகக் கையை நீட்டினார். பின்னால் வரிசை அனுமார் வாலாக நீண்டிருந்தது. "இந்தம்மாவப் பாத்தா எனக்கு ஏறுது பிரஷர்" என்று நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவதும் நூற்றுப் பதினேழு வந்த பிறகுதான் எழுந்தார்.

எதையும் மூன்று தடவை பார்ப்பது அவருடைய சட்டம். அலுவலகத்தைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுப்பார். எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். அதே பஸ், அதே கண்டக்டர். ஆனாலும் சாயங்காலம் ஏறும்போது, "கோட்டை நிக்குமாங்க?" என்று கேட்காமல் ஏறமாட்டார். ஏதோ பழைய விபத்து, ஏதோ இழப்பு இருக்கும் என்று நினைத்து ஒருநாள் கேட்டேவிட்டேன். எதற்கு இப்படிப் பயப்படுகிறீர்கள், ஏதாவது காரணம் உண்டா என்று.

"பயப்படறதுக்குக் காரணம் வேணுமா சார்? பயப்படாம இருக்கறதுக்குத்தான் காரணம் வேணும்" என்றார். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து, சாப்பிடும் முன் சாம்பாரை முகர்ந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று அவர் காதுபடவே சொன்னேன். நான் அப்படித்தான், வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

எங்கள் அலுவலகம் கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. அலுவலகம் என்றால் நான், அவர், இரண்டு கணினி, கீழேயிருந்து சதா ஏறி வரும் யூரியா வாடை. எங்கள் வேலை மலையிலுள்ள ஓர் ஓடையைப் பற்றியது. கரியாலூரிலிருந்து உள்கிராமங்களுக்குப் போகும் பாதையில் அந்த ஓடையின் மேல் ஒரு தரைப்பாலம் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் கிடையாது. கோடையில் நடந்து போனால் செருப்பு நனையாது. ஐப்பசியில் உச்சி மலையில் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், பாலத்தண்டை வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து வண்டியைப் புரட்டிவிடும்.

அந்தப் பாலத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தண்ணீரின் உயரத்தை அளக்கும். நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் அந்தப் பாதையில் ஓடும் ஏழு ஜீப் ஓட்டுநர்களின் போனுக்கும், கூடவே எங்கள் இருவர் போனுக்கும் 'வழி மூடப்பட்டது' என்று செய்தி போகும். அளந்த எண் எங்கள் திரைக்கும் வரும். தண்ணீர் பதினைந்துக்குக் கீழே இறங்கியதும், வழி திறந்தது என்று ஓட்டுநர்களுக்குச் சொல்வது அவருடைய வேலை. பெட்டிக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நிரலை, அதாவது புரோகிராமை, எழுதியது நான்.

அதை ஷெல் என்ற மொழியில் எழுதியிருந்தேன். கணினிக்கு வரிசையாகக் கட்டளை கொடுக்க அது நல்ல மொழி. ஆனால் அதற்குப் புள்ளிக் கணக்கு வராது. ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால் மூன்று என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். புள்ளி வைத்த எண்ணுக்கென்று தனியாக ஒரு சிறு கணிப்பான் நிரலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் இருந்த கணினிப் பலகையோ தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. இடம் பத்தாது என்று அதை நான் வைக்கவில்லை. ஓடைத் தண்ணீருக்கு முழு சென்டிமீட்டர் போதாதா என்ன என்று நினைத்தேன்.

இதை ஒருநாள் பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னது தப்பாகிவிட்டது.

"ஏழுல ரெண்டு மூணு முறதான் போவும், சரி. மிச்சம் எங்க சார் போவுது?"

"எங்கயும் போகலம்மா. அது கணக்குல இல்ல, அவ்வளவுதான்."

"கணக்குல இல்ல சார். தண்ணியில இருக்குது இல்ல?"

அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

திரையில் எண் பதினைந்துக்குக் கீழே வந்தாலும் அவர் உடனே 'திறந்தது' என்று சொல்லிவிட மாட்டார். பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிற்கிற ஒரு ஓட்டுநருக்குப் போன் போடுவார். ஹலோ கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. எடுத்ததும் ஒரே கேள்விதான்:

"கல்லு தெரியுதாப்பா?"

பாலத்தின் மேல்புறம் கரையோடு ஒரு நட்ட கல் உண்டு. மலைக்காரர்கள் அதில் சுண்ணாம்பால் மேலிருந்து கீழாக மூன்று கோடு அடித்திருந்தார்கள். மேலிருந்து இரண்டாவது கோடு வெளியே தெரிந்தால் ஜீப் போகலாம். எங்கள் பெட்டி வருவதற்கு முன்பு அந்தக் கல்தான் எல்லாம். இவர் அந்தக் கல்லை விடவேயில்லை. "தெரியுதுக்கா" என்று பதில் வந்தால், "எத்தினி கோடு?" என்பார். "ரெண்டு" என்றால், "எறங்கிப் பாத்தியா, வண்டியில ஒக்காந்துகினே சொல்றியா?" என்பார். மூன்று முறை பார்க்கவைத்துவிட்டுத்தான் வழியைத் திறப்பார். இதற்குள் இருபது நிமிடம் போய்விடும்.

ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள். ஜீப்பில் சந்தைக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். மேலிடத்துக்குப் புகார் போனது. அங்கிருந்து எனக்குப் போன் வந்தது: மெஷின் வைத்த பிறகும் எதற்கய்யா கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் நிரலை நம்பாமல் என் அறையிலேயே ஒருவர் சுண்ணாம்புக் கோட்டை நம்புகிறார் என்பதுதான் எனக்கு உறுத்தல். அன்று மத்தியானமே நாலு வரி சேர்த்து, 'வழி திறந்தது' என்ற செய்தியையும் பெட்டியே நேராக அனுப்பிவிடும்படி செய்தேன்.

அதுவரை அவர் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"மூடறத மெஷின் சொல்லட்டும் சார். தப்பா மூடிட்டா ஜனங்க காத்துக்கினு இருப்பாங்க, அவ்ளோதான். தொறக்கறத மனுஷன்தான் சார் சொல்லணும்."

"உங்க பயத்துக்கெல்லாம் நான் புரோகிராம் எழுத முடியாதும்மா" என்றேன்.

அவர் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகும் தினமும் ஓட்டுநர்களுக்குப் போன் போட்டுக்கொண்டுதான் இருந்தார், இப்போது தன் சொந்தப் போனிலிருந்து. வழி திறந்தது என்று பெட்டி சொன்ன பிறகு, இவர் கூப்பிட்டுக் கல் தெரிகிறதா என்று கேட்பார். இரண்டு தடவை கேட்டு முடிப்பதற்குள் ஜீப் அக்கரை போய்ச் சேர்ந்திருக்கும். நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன். கிறுக்கு என்று நினைத்தேன், அதுதான் உண்மை.

புரட்டாசி முடியும் சமயம் இடி விழுந்து பெட்டியிலிருந்த அளவுக்கருவி போய்விட்டது. புதிதாக வந்த கருவி சென்டிமீட்டரில் சொல்லாது. மீட்டரில் புள்ளி வைத்துச் சொல்லும். அறுபத்திரண்டு சென்டிமீட்டர் என்றால் 0.62. மழை எந்த நேரமும் இறங்கலாம். மாற்றுவதற்கு எனக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

மொட்டைமாடியில் ஒரு நீல டிரம் வைத்து, தண்ணீர் ஊற்றி, கருவியை மேலே கட்டினோம். டிரம்முக்குள் ஒரு தையல்கார டேப்பைக் குச்சியில் ஒட்டி அவர் இறக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் முறை என் நிரல் புள்ளியைக் கண்டதும் மூக்கில் குத்தினதுபோல் நின்றுவிட்டது. சரி, புள்ளியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் வெட்டிவிடுவோம் என்று வெட்டினேன். டிரம்மில் எவ்வளவு ஊற்றினாலும் பூஜ்யம் என்றது. "அய்யோ" என்று அவர் நெஞ்சில் கை வைத்தார். நான் சிரித்தேன். புள்ளியை மட்டும் எடுத்துவிட்டால் 0.62 என்பது 062 ஆகும், சென்டிமீட்டர் தானாக வந்துவிடும் என்று அடுத்த யோசனை. நிரலை ஓட்டிப் பார்த்தேன்.

"சார், டேப்புல அறுவத்தி ரெண்டு இருக்குது. இங்க அம்பது காட்டுது."

அதுவும் ஷெல்லின் ஒரு குணம். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் நின்றால், அதைப் பத்துப் பத்தாக எண்ணாமல் எட்டு எட்டாக எண்ணும். எனக்கு அது தெரியும், அவசரத்தில் மறந்திருந்தேன். முன்னால் நிற்கும் பூஜ்யங்களை உதிர்க்க ஒரு வரி சேர்த்தேன். இப்போது 0.62 அறுபத்திரண்டு ஆனது. கொஞ்சம் தண்ணீர் எடுத்தோம், 0.48, நாற்பத்தெட்டு. இன்னும் எடுத்தோம், 0.35, முப்பத்தைந்து. டேப்பும் அதையே சொன்னது.

"மூணு தடவ பாத்தாச்சு. போதுமாம்மா உங்களுக்கு?" என்றேன், வேண்டுமென்றே.

அவர் டேப்பைப் பிடித்தபடி நின்றார். புடவை முந்தானை நனைந்திருந்தது. "இன்னும் ரெண்டு பக்கெட்டு ஊத்திப் பாக்கலாமா சார்? ஒவ்வொரு கோடா ஏத்திப் பாக்கலாம். சும்மா, எனக்கோசரம்."

"மழை வரதுக்குள்ள மலைக்குப் போகணும்" என்று சொல்லிக் கருவியைக் கழற்றினேன். அவர் சொன்னபடி ஒவ்வொரு கோடாக ஏற்றியிருந்தால் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் கால் மணி நேரத்தை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

பெட்டியை மாட்டிவிட்டு வந்த நான்காம் நாள் மலையில் மழை பிடித்தது. பகல் இரண்டு மணி இருக்கும். கள்ளக்குறிச்சியில் வெறும் தூறல். திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று, நாற்பத்து நான்கு. 'வழி மூடப்பட்டது' என்று செய்தி போனது. ஐம்பத்தெட்டு, அறுபத்தேழு, எண்பத்து நான்கு, எண்பத்தேழு. எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்று நான் டீக்குச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன்.

"சார்" என்றார். குரல் வேறாக இருந்தது. "எம்பத்தி ஏழுலேர்ந்து பத்து நிமிஷத்துல ஒம்போதா எறங்குமா தண்ணி?"

எழுந்து பார்த்தேன். திரையில் ஒன்பது என்று இருந்தது. அதற்குக் கீழே, பெட்டி தானே அனுப்பிய செய்தி: 'வழி திறந்தது'.

எனக்குப் புரிய ஐந்து விநாடி ஆனது. தண்ணீர் இறங்கவில்லை. எண்பத்தேழிலிருந்து தொண்ணூறுக்கு ஏறியிருந்தது. கருவி அதை 0.90 என்று சொல்லவில்லை. கடைசிப் பூஜ்யம் வீண் என்று 0.9 என்று சொல்லியிருந்தது. நான் எழுதிய வரி புள்ளியை எடுத்தது, முன்னால் இருந்த பூஜ்யத்தை உதிர்த்தது, மிஞ்சிய ஒன்பதை ஒன்பது சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. முன்னால் நின்ற பூஜ்யத்தைத்தான் நான் எதிரியாகப் பார்த்தேன். பின்னால் நிற்கவேண்டிய பூஜ்யம் வராமல் போகும் என்று நினைக்கவேயில்லை.

இடுப்பளவுத் தண்ணீர் ஓடும் பாலத்தை, போகலாம் என்று ஏழு ஜீப்புகளுக்குச் சொல்லிவிட்டேன்.

அவர் அதற்குள் போன் போட ஆரம்பித்திருந்தார். ஏழு எண்களும் அவருக்கு மனப்பாடம். "எங்க இருக்கே? வண்டிய எடுக்காத. மெசேஜ் தப்பு. நான் சொல்றேன், எடுக்காத." முதல் ஆள் கரியாலூர் டீக்கடையில் இருந்தார். இரண்டாவது ஆள் அன்று வண்டியே எடுக்கவில்லை. ஆறு பேர் கிடைத்தார்கள். ஏழாவது போன், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றது. மலையில் பாலத்தை ஒட்டிய வளைவுக்குள் சிக்னல் வரும், போகும். ஜீப் அந்த வளைவுக்குள் இருந்தால் பெட்டியின் செய்தி போய்ச் சேர்ந்திருக்கலாம், இவர் போன் போகாது.

டீக்கடையில் இருந்தவர்தான் சொன்னார், அந்த ஏழாவது வண்டி உள்கிராமத்திலிருந்து பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறது, பாலத்துக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும் என்று. அவர்களோடு ஒரு கைக்குழந்தையும் உண்டு.

பத்து நிமிடம் கழித்துத் திரையில் தொண்ணூற்று மூன்று வந்தது. 'வழி மூடப்பட்டது' என்று பெட்டி மறுபடி செய்தி அனுப்பியது. அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. ஒரு ஜீப் ஓடைக்குள் இறங்கப் பத்து நிமிடம் எதற்கு? ஒரு நிமிடம் போதும்.

நான் டைப் அடித்ததெல்லாம் தப்பாக விழுந்தது. அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னால் நான் அறிந்ததில்லை. நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிகிறதுபோல் இருந்தது. "கருவி அப்படி அனுப்பும்னு யாருக்குத் தெரியும், அந்தக் கம்பெனிக்காரன் சொல்லியிருக்கணும்" என்று ஏதோ பிதற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரே எண்ணை அழுத்தி, காதில் வைத்து, எடுத்து, மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற அந்த மனுஷியின் கை அன்று நடுங்கவில்லை. இந்த ஒரு நாளுக்காகவே அவர் இத்தனை வருஷமாகப் பயந்து பழகி வைத்திருந்ததுபோல் எனக்குத் தோன்றியது.

நாற்பது நிமிடம். டீ வந்து ஆறி, மேலே ஆடை படிந்தது.

அவர் கையிலிருந்த போன் தானாகவே அடித்தது. அவர் எடுத்ததும் கேட்டது அதே கேள்விதான்.

"கல்லு தெரியுதாப்பா?"

போனை ஸ்பீக்கரில் போட்டார். மழையின் இரைச்சலுக்கு நடுவே ஓட்டுநரின் குரல் வந்தது. "இன்னாக்கா தெரியுது, ஒண்ணும் தெரியல. கல்லே முழுவிப் போச்சு. மெசேஜ் வந்திச்சுக்கா, தொறந்தாச்சுன்னு. வண்டியில இருந்தவங்க போ போன்னாங்க. முன் சக்கரத்த எறக்கிட்டேன்."

"எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேன்க்கா. அப்பறம் யோசன வந்துது. நீங்க இன்னும் போன் பண்ணி கல்லக் கேக்கலியேன்னு. ஒரு மாதிரி இருந்திச்சு. ரிவர்ஸ் எடுத்துக்கினு மேட்டுக்கு வந்துட்டேன். இங்க வந்தாதான் டவர் கெடைக்குது."

"எல்லாரும் வண்டியில இருக்காங்களா? எண்ணிப் பாத்தியா?"

"இருக்காங்கக்கா."

"எண்ணு."

ஓட்டுநர் எண்ணினார். பதினொன்று. குழந்தையைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று இவர் கேட்டார். சேர்க்காமல் என்றார். இவர் மறுபடி எண்ணச் சொன்னார். மூன்றாவது முறை ஓட்டுநர் எண்ணி முடித்ததும் இவர் போனை வைத்துவிட்டு, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு மேசையில் கவிழ்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது பிறகுதான் தோன்றியது, பிறகு கேட்கவும் வாய் வரவில்லை.

மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், கருவிக் கோளாறு என்று எழுதினேன். கருவி சரியாகத்தான் சொன்னது. 0.9 என்றாலும் 0.90 என்றாலும் ஒன்றுதான் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அந்த அறிக்கை போன நாளிலிருந்து எனக்கு வழியெல்லாம் பயம்தான். அவர் அதைப் படித்தார். ஒருமுறைக்கு மூன்றுமுறை படித்திருப்பார். என் மேசையில் திருப்பி வைத்தார்.

நிரலைத் திருத்தினேன். அந்தச் சிறு கணிப்பானைப் பெட்டிக்குள் எப்படியோ இடம் பண்ணி வைத்தேன். புள்ளிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு இலக்கம் இருக்கும்படி செய்தேன். மொட்டைமாடி டிரம்மில் அவர் சொன்னபடியே ஒவ்வொரு கோடாகத் தண்ணீர் ஏற்றிப் பார்த்தோம். பத்து, இருபது, முப்பது என்று முழுசாக வரும் ஒவ்வொரு இடத்திலும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் மேலிடத்தில், திரையைப் பார்க்க எதற்குத் தனியாக ஒரு ஆள், எல்லாம் மெஷினே செய்கிறதே என்றார்கள். நான் வாதாடியிருக்கலாம். வாதாடினால் அந்த ஒன்பது எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டேன். கடைசி நாள் அவர் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு சார். மெசேஜ் போற லிஸ்டுல எம் நம்பர எடுத்துடாதீங்க."

"உங்களுக்கு எதுக்கும்மா அது?"

"சும்மா இருக்கட்டும் சார்" என்றார். போகும்போது பழக்கதோஷத்தில் கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். நான் உள்ளேதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கோட்டையில் இறங்கி விசாரிக்கலாம் என்று நினைப்பேன். இறங்கியதில்லை.

போன ஐப்பசியில் பெட்டிக்கு பேட்டரி மாற்ற மலைக்குப் போனேன். உள்கிராமத்திலும் ஒரு பெட்டி வைக்க இடம் பார்க்கவேண்டியிருந்ததால் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பினேன். ஜீப், அன்று முன் சக்கரத்தை இறக்கிய அதே ஓட்டுநருடையது. திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு அந்தப் பக்க மேட்டில் வண்டியை நிறுத்தினார். பின்னால் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு பெண்ணின் மடியில் பள்ளிக்கூடப் பை இருந்தது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். நாலரை மணிக்கு என் போனும் அவர் போனும் சேர்ந்து ஒலித்தன: 'வழி திறந்தது'.

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பவில்லை. எனக்கும் அவசரமில்லை. செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் நிரல், நானே திருத்தியது, நானே சோதித்தது. ஆனாலும் நம்ப முடியவில்லை.

"எடுக்கலியா?" என்று கேட்டேன்.

"போன் வரும் சார். வரட்டும்."

"யார் போன்?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அவர் கையில் கிரீஸும் ஈரமும். "எடுத்துப் பேசுங்க சார், நீங்களே பாத்துச் சொல்லிடுங்க" என்று போனை என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன்.

"கல்லு தெரியுதாப்பா?"

சம்பளமில்லை, வேலையில்லை, கேட்கச் சொல்ல ஆளில்லை. எலவனாசூர்கோட்டையில் எங்கோ உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு மழைக்கும், என் நிரல் வழியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர் இதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

"தெரியுதுங்க" என்றேன். "ரெண்டு கோடு தெரியுது."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"சாரா?"

"ஆமாங்க. நான்தான்."

நல்லா இருக்கீங்களா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். என்னென்னவோ சொல்ல எனக்கும் இருந்தது. அந்த ஒன்பதைப் பற்றி, அந்த அறிக்கையைப் பற்றி.

"வண்டியில எத்தினி பேரு சார்?"

"எட்டுப் பேரு. நாங்க ரெண்டு பேரு."

"எத்தன தடவ பாத்தீங்க?"

"ஒரு தடவ."

"நான் லைன்லயே இருக்கேன் சார்" என்றார். "இன்னும் ரெண்டு தடவ எறங்கிப் பாத்துட்டு வாங்க."

நான் செருப்பை வண்டியிலேயே கழற்றி விட்டுவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல், மழையில் இறங்கினேன்.